இரண்டாவது வரிசையில் மஞ்சள் துப்பட்டா

“இன்னைக்கு கேள்விய நான் எழுதறேன் சார்.”

அசோகன் சார் காபி தம்ளரை வாயருகே வைத்தபடி அப்படியே நின்றார். ஆளுங்கட்சித் தலைவரின் ஊடகப் பிரிவு அவர் கையில். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். எழுதறது நாங்க, கேக்கறது நீ. இதை மாற்றச் சொல்லி ஒருநாளும் வந்து நிற்காதே.

வந்து நின்றேன்.

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் தலைவரின் பத்திரிகையாளர் சந்திப்பு இங்கேதான். நாங்கள் நின்றது மணமகள் அறையில். கண்ணாடி ஓரத்தில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள்.

பெயருக்கு ஒரு யூடியூப் சேனலின் நிருபர் நான். உண்மையான வேலை, இரண்டாவது வரிசையில் மஞ்சள் துப்பட்டாவோடு உட்காருவது. கேமரா முன்னால் தலைவர் மூக்குக்கண்ணாடி போடமாட்டார். முகம் தெரியாது, மஞ்சள் தெரியும். எவனாவது நிஜமாகவே கிடுக்கிப்பிடி போட்டால், கையை என் பக்கம் நீட்டுவார். நான் எழுந்து காட்டமாக ஒன்று கேட்பேன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். சிரிப்பார். பதில் முந்தின நாளே தயார்.

சாயங்காலம் எல்லா டிவியிலும் ஓடும்: விமர்சனத்துக்கு அஞ்சாத தலைவர்.

மற்ற நிருபர்களுக்கு இது தெரியும். என் இரண்டு பக்கமும் நாற்காலி எப்போதும் காலி. “பக்கத்துல உக்காராத மச்சி, ஒட்டிக்கும்” என்று ஒருத்தன் என் காதில் விழும்படியே சொன்னான்.

“என்ன கேக்கப் போற?” என்றார் அசோகன் சார்.

“ஆத்தோரம் வீடு இடிச்சத.”

போன சந்திப்பில் தலைவர் சொன்னார்: ஆற்றங்கரை மக்கள் விருப்பப்பட்டுத்தான் புதுக் குடியிருப்புக்குப் போனார்கள். சொன்னது என் கேள்விக்கு.

அந்த அடையாற்றங்கரையில்தான் நான் பிறந்தேன். எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. ஜேசிபி வந்த காலையில் எங்கள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வடிக்கக்கூட விடவில்லை. இதில் விருப்பம் எங்கே வந்தது?

இப்போது அம்மா ஊருக்கு வெளியே, ஏழாவது மாடியில். மந்தைவெளியில் அவள் பாத்திரம் தேய்த்த வீடுகள் எல்லாம் வேறு ஆள் வைத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நான் போனால், கீழே குழாயடியில் பேச்சு நிற்கும்.

“தலைவர் வூட்டு பொண்ணு வந்துகினு கீது, கம்முனு இரு.”

அம்மா சோறு போடுவாள். பேசமாட்டாள். யாராவது கேட்டால் ‘எம் பொண்ணு’ என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

“ஒரே கேள்வி சார். எங்க விருப்பத்த எப்ப கேட்டீங்க? அவ்ளோதான்.”

கத்துவார் என்று நினைத்தேன். அவர் காபியைக் குடித்து முடித்தார்.

“கேளேன்,” என்றார். “தாராளமா கேளும்மா. ஆனா நீ கேட்டா அது நாங்க கேட்டது. தலைவர் தண்ணி குடிப்பாரு, சிரிப்பாரு. பின்னாடி இருக்கிறவன் கொட்டாவி விடுவான். உன் வாயிலேர்ந்து எது வந்தாலும் அது நம்ம சரக்குதான்.”

அதில் பொய் இல்லை. எரிந்ததே அதனால்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் பேசிய வாய் இது. இந்த மண்டபம் மாதிரி இதையும் வாடகைக்கு எடுத்துவிட்டார்கள்.

இன்றைய கேள்வி எழுதிய துண்டுத்தாளை என் கையில் திணித்தார். கதவருகே போனவர் திரும்பினார்.

“துப்பட்டா எங்க?”

“சீட்ல போட்டு வச்சிருக்கேன் சார். இல்லன்னா உங்க வட்டச் செயலாளர் உக்காந்துடுவாரு.”

சிரித்துவிட்டார். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற ஊர். நம்பினார்.

கைதட்டல் எழுந்தது. தலைவர் வந்துவிட்டார். அசோகன் சார் மேடைக்குப் பின்னால் ஓடினார். அங்கே நின்றால் தலைவரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

நான் துண்டுத்தாளைக் கண்ணாடி முன்னால் வைத்தேன். ஒரு பழைய பொட்டைப் பிய்த்து அதன் நடுவில் ஒட்டினேன். வெளியே வந்தேன்.

வலது பக்கம் ஹால். இடது பக்கம் வாசல்.

ஸ்பீக்கரில் ஒரு நிருபர் ஏதோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் குரல் குறுக்கே வந்தது. “இருங்க தம்பி, இருங்க. அந்த மஞ்ச துப்பட்டா தங்கச்சிகிட்ட மைக்க குடுங்க. அது எப்பவும் காரமாத்தான் கேக்கும்.”

சிரிப்பு.

நான் இடது பக்கம் திரும்பி நடந்தேன்.

மைக்கில் யாரோ இருமினார்கள். ஏழு மாடி ஏறி இறங்கி வந்த இருமல்.

காலையில் என் பிரஸ் பாஸை அம்மா கழுத்தில் மாட்டிவிட்டபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ள ஏசி குளிரும், இதப் போத்திக்கோ என்றேன். போர்த்திக்கொண்டாள்.

“எனுக்கு மைக்கு புடிச்சி பழக்கமில்ல நைனா. எம் பொண்ணு மாதிரி கேக்க வராது.”

சிரிப்பு நின்றது.

நான் வாசல் படியிறங்கி ரோட்டுக்கு வந்திருந்தேன்.