அழகுக்கு வைத்த மரம்

மாமியார் காரின் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு, வளையல் மூத்தவளுக்கு, சங்கிலி இளையவளுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்.

மருமகன் எஞ்சினை அணைக்காமலேயே இறங்கி, குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் ஓடிவந்தார். அவர்கள் இரண்டாம் மாடிக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது.

மாமியார் வாசல் மரத்தில் ஒரு கை பழம் பறித்துத் தின்றுவிட்டாராம். கண்ணாடி போடாததால் பலகையைப் படிக்கவில்லையாம்.

பலகையில் ‘கொடிய விஷம். தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஒரு மண்டையோடு. அது மட்டும் கொஞ்சம் சிரித்த முகமாக அமைந்துவிட்டது.

செயலாளர் காருக்குள் எட்டிப் பார்த்தார். பழம் தின்றவருக்கு வயிற்றைக்கூடக் கலக்கவில்லை.

கட்டடம் கட்டியவர் அழகுக்கென்று வைத்துவிட்டுப் போன மரம். கொத்துக் கொத்தாகச் சிவந்ததும், இது என்ன மரம், தின்னலாமா கூடாதா என்று சங்கக் கூட்டத்தில் அமளி. கைப்பேசியில் படம் பிடித்துத் தேடியவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் வந்தது.

சண்டை தீருமுன்பே செயலாளர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டார்.

தேன்தான்.

அன்றைக்கே தன் கையால் பலகை எழுதி மாட்டினார். அன்று முதல் அவருக்கு விடியுமுன் நடைப்பயிற்சி.

என்ன விஷம் என்று தெரியாவிட்டால் மருத்துவமனையில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவிவிடுவார்களாம், மரத்தின் பெயரையாவது சொல்லுங்கள் என்று மருமகன் கெஞ்சினார்.

வாயைத் திறந்தால் செயலாளரின் மானம் போகும். மூடினால் அந்த அம்மாளின் மூக்கில் குழாய் போகும்.

ஒன்றும் ஆகாது என்று இழுத்தார். எழுதியதே நீங்கள்தானே என்று மருமகன் சீறினார்.

வேறு வழியில்லை. மரத்தடிக்குப் போய் ஒரு பழத்தைப் பறித்து, காம்புப் பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மருமகன் கண் முன்னாலேயே தின்றார். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் எனக்கும் ஆகட்டும் என்று வேறு சொல்லிவைத்தார்.

மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று கையைப் பிடித்து உலுக்கினார். மாமியாரை இறக்கிவிட்டு, காரை அதன் இடத்தில் விடப் போனார்.

மாமியார் இப்போது போட்டிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“காம்புப் பக்கம் கசக்கும்னு எனக்கு நாலு பழம் தின்ன அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க முதல் பழத்துலயே அதைக் கிள்ளி எறிஞ்சுட்டீங்க.”

வெட்கம் பிடுங்கித் தின்ன, செயலாளர் பலகையைக் கழற்றக் கையை உயர்த்தினார்.

அந்தக் கையை மாமியார் தட்டிவிட்டார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?”