மூன்று முறை தள்ளிப்போன காதுகுத்து

மூணாவது தடவையாகவும் மகளின் காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டாள் முனீஸ்வரி.

முதல் தடவை, குழந்தைக்குச் சளி. ரெண்டாவது தடவை, மாமியாருக்கு மூட்டுவலி. இப்போது என்னவாம், மண்டபம் கிடைக்கவில்லையாம். மதுரையில் மண்டபத்துக்கா பஞ்சம்?

முத்துமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க தங்கச்சிக்கு உங்க மூஞ்சிய சபையில காட்ட வெக்கமா இருக்கு. அம்புட்டுத்தான் விசயம்" என்றாள் புருஷனிடம்.

ஜெயபாண்டி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

கன்னத்துக்குள் புற்று வந்து ஆபரேஷன் பண்ணிப் பதினாலு மாசம் ஆகிறது. தாடை எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையை வெட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். இன்னமும் வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. பேச்சு குழறுகிறது. பேசினால் ஒரு ஓரமாக எச்சில் வடிகிறது. "தேறிடுவாரும்மா, ஆனா மெதுவாத்தான் தேறுவாரு" என்று டாக்டரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

முத்துமீனாவுக்குத்தான் பொறுமை இல்லை. "ஜெயபாண்டி கதை முடிஞ்சது" என்று பேசின சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் புருஷனை மாலையோடு உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தக் காதுகுத்தை விட்டால் வேறு தோது கிடையாது. தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவார்கள்?

இருபத்தொரு தட்டுச் சீர், மேளம், வேட்டு எல்லாம் பேசி வைத்துவிட்டாள். 'எமனை வென்ற தாய்மாமனே வருக' என்று அவர் படத்தைப் போட்டு இருபதடி ஃபிளக்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் பாடு அவளுக்கு.

இந்த லட்சணத்தில் மண்டபம் கிடைக்கவில்லை என்றால்?

பீரோவைத் திறந்து, குழந்தைக்காக வாங்கி வைத்திருந்த தங்கக் கம்மலை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"இத அவ மூஞ்சியில எறிஞ்சுட்டு வாரேன். இனிமே அவளுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"வேணாம்... போகாத" என்று குழறினார் ஜெயபாண்டி. கண் கலங்கிவிட்டது. எழுந்து அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார்.

இம்புட்டு நடந்தும் தங்கச்சி பாசம் போகுதா பார் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. கோச்சடையில் ஆட்டோ பிடித்தவள் கே.கே. நகரில்தான் இறங்கினாள்.

கதவைத் திறந்த முனீஸ்வரி திடுக்கிட்டுப் போனாள்.

"வாங்க மதினி."

"விருந்தாட வரல."

அதற்குள் "அத்தே" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள் மூணு வயசு பவதாரிணி. குனிந்து தூக்கப் போன முத்துமீனா அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தையின் ரெண்டு காதிலும் பொட்டுத் தோடு. துளையைச் சுற்றிச் சிவப்பு இன்னும் ஆறவில்லை.



"குத்திட்டியா?"

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வியாழக்கிழம மதினி. மூணு வயசு முடியுறதுக்குள்ள குத்தணும்ல..."

"கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கையிலயே எவன் மடியிலடி உக்கார வச்ச? உன் பெரியப்பா மகன் மடியிலயா?"

முனீஸ்வரி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் அங்க கண்ணு கலங்கி உக்காந்திருக்காரு. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ அழுததெல்லாம் நடிப்புதான? வாய் கோணிப்போன அண்ணன் இனி எதுக்குன்னு முடிவு பண்ணிட்ட. நீ நல்லா இருப்பியா?"

முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷன் சூரியபிரகாஷ் வந்தான்.

"போதும் முனீஸ், சொல்லிரு. எம்புட்டு நாளைக்குத்தான் நீ ஏச்சு வாங்குவ?"

"நீங்க சும்மா இருங்க."

"நீ சொல்லாட்டி நான் சொல்றேன்" என்றவன் முத்துமீனா பக்கம் திரும்பினான். " தங்கச்சி, புள்ளைக்குக் காது குத்துனது உங்க வீட்டுலதான்."

"எங்க வீட்டுலயா?"

"ஆமா. அன்னைக்கு நீங்க ஸ்கூலுக்கு வேலைக்குப் போனப்புறம் ஆசாரியக் கூட்டிக்கிட்டு வந்தோம். மச்சான் மடியிலதான் உக்கார வச்சுக் குத்துனோம். புள்ள அழுதப்ப அவருதான் அணைச்சுக்கிட்டாரு."

முத்துமீனா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் இருக்கிற புருஷன். ஒரு வாரமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முனீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு தடவையும் தேதியத் தள்ளி வைக்கச் சொன்னது அண்ணன்தான் மதினி. நீங்க தட்டு, மேளம், ஃபிளக்ஸுன்னு ஒவ்வொண்ணாச் சேர்க்கச் சேர்க்க, அண்ணன் எனக்குப் போனப் போட்டு அழும்."

"எதுக்குடி அழணும்? நான் அவருக்காகத்தானடி அம்புட்டும் செஞ்சேன்."

"அது தெரிஞ்சுதான் மதினி சொல்லல. ஊரு கூடுன எடத்துல எச்சி வடிஞ்சுருமோன்னு அண்ணனுக்குப் பயம். நீங்க ஆசையா ஓடுறதப் பாத்து, வேணாம்னு சொல்ல மனசு வரல. பழி என் மேலயே இருக்கட்டும் அண்ணேன்னு நாந்தேன் சொன்னேன்."