சொம்புத் தண்ணீர்

"அடுப்பங்கரைச் சாமானை அள்ளிக்கிட்டுப் போயி ஊரான் புள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டுறதுக்குப் பேரு சயின்ஸா? தூ!" என்றாள் ராமாமிர்தம்.

மருமகள் வினோதினி ஞாயிறுதோறும் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் போய், நூலகம் ஒன்றில் சமையல் பொருட்களை வைத்தே பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுவாள். அந்தத் தலைக்கனம் பிடித்தவளைத் தாய்வீட்டுக்கு விரட்டாமல் ஓய்வதில்லை என்பது மாமியாரின் வைராக்கியம். மகன் மணவாளன்தான் அசையவில்லை.

'தெய்வ வாக்கு வந்தா அசைவான்' என்று, சிதம்பரத்திலிருந்து பேர்போன குறிகாரர் ஒருவரை வரவழைத்துவிட்டாள்.

குறிகாரர் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் வாங்கி, மடியிலிருந்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகையை மந்திரித்துப் போட்டார். தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. மணவாளன் கைகூப்பிவிட்டான்.

"பாத்தியாடா? இதுதான் சக்தி! உம் பொண்டாட்டி காட்டுற குப்பையும் ஒரு வித்தையா?"

"வூட்டுக்கு வந்த பொண்ணாலதான் இந்தத் தோஷம்" என்றார் குறிகாரர். "இன்னிக்கே தாய்வூட்டுக்கு அனுப்பிடுங்க. எங்க அவுங்க? வரச்சொல்லுங்க."

வினோதினி உள்ளேயிருந்து வந்தாள்.

குறிகாரர் அவளைப் பார்த்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வணக்கம் டீச்சர்!"

வாய் தவறி வந்தே விட்டது.

வினோதினி சொம்பை எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லிங்களே! போன வாரம் உங்க பொண்ணு பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதை மறக்காம செஞ்சிட்டிங்க. சுண்ணாம்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."