சித்திரைப் பனிச்சரிவு

ஏப்ரல் வெயிலில் டிரோல் மலை முழுவதும் சொட்டுகிறது. காலையில் கல்லாய்க் கிடந்த பனி நண்பகலில் இளகிச் சரிந்து, பனிச்சறுக்கில் இறங்கிக்கொண்டிருந்த லியோன்ஹார்டை மூடிவிட்டது. மூடியதுமே சிமெண்டாய் இறுகியும்விட்டது. முன்னால் இறங்கிய அவன் மனைவி ரோஸ்விதா தப்பினாள். இப்போது ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்று நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்க்கிறாள். உள்ளங்கை கிழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. "மேல இன்னும் பாதிப் பனி தொங்குது, சீக்கிரம்!" என்று யாரோ கத்துகிறார்கள். அப்போதுதான் மீட்புக்குழுவின் வின்சென்ஸ் கீழிருந்து ஏறி வருகிறான். புதைந்தவர் நெஞ்சில் கட்டியிருக்கும் கருவி அனுப்பும் சிக்னலைத் தேடிப் பிடிக்கும் பெட்டி அவன் கையில் கீச்சிடுகிறது. "கேக்குது! இங்கதான் இருக்கான்!" கம்பிகள் அந்தரத்தில் நிற்கின்றன. அவன் குனிந்தபடியே ஓட ஓட, கீச்சொலி நெருக்கமாகி, ரோஸ்விதாவின் காலடியில் விடாமல் அலறுகிறது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். அவள் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. "என்னோடதுல பேட்டரி தீர்ந்துபோச்சு. காலையில அவரு தன்னோடத கழட்டி எனக்குக் கட்டிவிட்டாரு." வின்சென்ஸ் பெட்டியைத் தாழ்த்துகிறான். "அணைச்சிருங்க அக்கா." அவள் பொத்தானை அழுத்துகிறாள். பெட்டி ஊமையாகிறது. அவன் அதை நாலாபக்கமும் மெல்லத் திருப்பிப் பார்க்கிறான். எந்தப் பக்கமும் ஒலி இல்லை.