பெயர் சொல்லிக் கூப்பிடாத அப்பா

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

தரையில் மகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வயது. சில மாதங்களாகப் பேச்சு திக்குகிறது.

எதிரே இருந்த பேச்சுப் பயிற்சியாளர் பதற்றப்படவில்லை. இந்த வயதில் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே போய்விடும் என்றார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் வீட்டில் யாருக்காவது வளர்ந்த பிறகும் திக்கல் போகாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.

"யாருக்காவது இருக்கா?"

இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லை என்று பக்கத்தில் இருந்த மனைவி சொல்லிவிட்டாள். நம்பித்தான் சொன்னாள்.

'த' வரிசையில் தொடங்கும் சொல் எதுவும் அவனுக்குத் தொண்டையைத் தாண்டாது. சின்ன வயதிலிருந்தே.

அதை உள்ளேயே நிறுத்திவிட்டு வேறு சொல்லை வெளியே அனுப்பிவிடுவான். கெட்டிக்காரன். தோசை என்றால் உயிர். ஓட்டலில் இட்லிதான் கேட்பான். அவருக்கு இட்லி இருந்தால் போதும் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மாமனார் ஆசையாகப் பேத்திக்குத் தென்றல் என்று பெயர் வைத்தபோது எல்லோருடனும் சேர்ந்து கை தட்டினான். அன்றிலிருந்து மகள் அவனுக்குக் குட்டி.

கல்யாணமாகி ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், அவன் தனியாகத்தான் இருந்தான்.

இன்றும் சும்மா இருந்துவிடலாம்.

இருந்தால் மகளும் இப்படித்தான் கெட்டிக்காரி ஆவாள்.

"எனக்கு இருக்குங்க" என்றான்.

மனைவி சிரித்துவிட்டாள். இவர் அதிகம் பேசமாட்டார், அவ்வளவுதான், பேசினால் கணீரென்று இருக்கும் என்றாள்.

அவன் மகள் பக்கம் திரும்பினான்.

"த்... த்... தெ..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. பெயரை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று பயிற்சியாளர் கை காட்டினார்.

மகள் கட்டையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயையே பார்த்தாள். அவளுக்கு அவசரமில்லை.

"...தென்றல்."

"எ... எ... என்னப்பா?"

ஒன்றுமில்லை குட்டி என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அது சுலபமாக வரும்.

அவன் மறுபடியும் பெயரைத் தொடங்கினான்.