டேங்க் மூடி

"எவன் கை பட்டுச்சோ, வண்டி பேஜாரு பண்ணுது!"

பரசுராமன் சத்தமாகத்தான் சொன்னான். பக்கத்து வீட்டு மொஹசின் காதில் விழவேண்டும் என்றே சொன்னான். வாய்க்கு என்ன, வரியா கட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. பைக்கை வாசலில் பிரித்துப் போட்டிருந்தான். பிளக்கைக் கழற்றித் தேய்த்தாச்சு. ஏர் ஃபில்டரை ஊதியாச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு. எல்லாவற்றையும் மாட்டி உதைத்தால் ஜோராக உறுமுகிறது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் இருமி நின்றுவிடுகிறது.

வேலைக்குப் போகும்போதும் இதே கூத்துதான். தேர்வாய் கண்டிகை ரோட்டில் திரும்பினால் போதும், வண்டி படுத்துவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பான். இருக்கும். உதைத்தால் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் படுக்கும்.

"இனிமே லேட்டா வந்தா கேட்டோட திரும்பிப் போய்டு. உன் எடத்துக்கு ஆளு ரெடியா கீறான்" என்று கம்பெனி சூப்பர்வைசர் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"அதுக்கு மொஹசின எதுக்குடா திட்ற? பாவம்டா" என்றாள் அம்மா லட்சுமியம்மாள்.

"பின்ன? பொண்டாட்டிய பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு வாங்கினு போனான். அதுக்கப்புறந்தாம்மா இப்டி. நல்லா ஓடிக்கினு இருந்த வண்டி!"

"எனக்கு பயமா கீதுடா. போன மாசந்தான் கீழ வுழுந்து எழுந்த. இப்ப நடுரோட்ல நிக்குதுன்ற. பின்னாடி லாரி வந்தா இன்னா பண்ணுவ? அதுக்குத்தான் வெள்ளிக்கெழமையானா அம்மனுக்கு வெச்ச சந்தனத்த உன் வண்டிக்கும் அப்பிக்கினு கீறேன். ஆத்தாதான் உன்ன காப்பாத்தணும்."

"ஆத்தா காப்பாத்துவாம்மா. கூட இருக்கறவன்தான் குழி பறிக்கிறான்!"

இதற்கு மேல் மொஹசினால் உள்ளே உட்கார முடியவில்லை. நாஷ்டாவைப் பாதியில் விட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"தள்ளு பரசு. நான் பாக்கறேன்."

"நீ பாத்தது போதும்பா."

மொஹசின் காதில் வாங்கவில்லை. வண்டியை உதைத்து ஓடவிட்டான். அது இருமி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லட்சுமியம்மாளையும் ஒரு தடவை பார்த்தான்.

"பெரிம்மா, ஒரு ஊசி குடு."

வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று குத்தினான், ஊதினான். மூடியை மாட்டி உதைத்தான். வண்டி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா பண்ண?"

"மூடியில காத்து போற ஓட்ட ஒண்ணு கீது. அது அடச்சிக்கினா பெட்ரோல் எறங்காது."

"எப்டி அடச்சிது?"

மொஹசின் தலையைச் சொறிந்தான். "நான்தாம்ப்பா. திருப்பிக் குடுக்கறப்ப வண்டிய கழுவினேன்ல? சேறு பூந்துக்கினு கீது. தப்புதான்."

"பாத்தியாம்மா! நான் சொன்னா கேட்டியா? இனிமே எவனுக்கும் வண்டி கெடையாது!"

வண்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டான் பரசுராமன். ஒரு தேங்க்ஸ்கூட இல்லை.

லட்சுமியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவன் கெடக்கறான், முன்கோபி. மனசுல வெச்சிக்காத நைனா. வண்டி சரியாப்பூடுச்சே, அதுவே போதும் எனக்கு."

"அட, வுடு பெரிம்மா. அவனப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆங்... இனிமே சந்தனத்த ஹெட்லைட்டுக்கு மேல வெய்யி. எதுக்க வர்ற லாரிக்காரன் கண்ல படட்டும்."

"அட ஆமா! எனக்கு இது தோணவே இல்ல பாரு. வர்ற வெள்ளிக்கெழமை அங்கயே வெக்கிறேன். அந்த ஊசியக் குடு."

"கழுவிட்டுத் தரேன் பெரிம்மா" என்று கையை மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனான் மொஹசின்.

குழாயடியில் நின்று ஊசியைத் தேய்த்துக் கழுவினான். அதன் முனையில் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது.