இரண்டாவது கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி

குடியேற்ற அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஜெர்மனில் சொல்லி முடித்துவிட்டாள்.

இனி இந்தப் பக்கம் நின்ற மனைவி அதைத் தமிழில் சொல்ல வேண்டும். என்னவாம் என்று கணவன் முழங்கையால் இடித்தான்.

குடியிருப்பு அனுமதி முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் அவன் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தான். அதனால் முடிவு வரும்வரை ஒரு தற்காலிகத் தாள். தாளில் மூன்று கட்டங்கள். மூன்றாவதில் பெருக்கல் குறி விழுந்திருந்தால் வெளிநாடு போய்த் திரும்பலாம்.

அவனுக்கு விழுந்திருப்பது இரண்டாவதில்.

இங்கேயே இருக்கலாம். எல்லையைத் தாண்டிப் போய்விட்டால், இந்தத் தாளைக் காட்டி உள்ளே வர முடியாது.

அந்தப் பெண் இதை இரண்டு தரம் சொன்னாள். கட்டத்தின் மேல் விரலை வைத்தும் சொன்னாள்.

அவனோ அடுத்த மாதம் ஊரில் இருந்தாக வேண்டும். தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் அது நடக்காது.

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறான். ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், அதற்கு மேல் தேவைப்படவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, கிழவர்களோடு பேசிப் பேசி அவள்தான் ஜெர்மன் படித்தாள். கிழவிகளுக்குக் கால் கழுவ இவ்வளவு இலக்கணமா என்று அவன் விருந்தாளிகளுக்கு முன்னால் கேட்பான். அவர்களும் சிரிப்பார்கள்.

அந்த வேலையில்தான் அவளுக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. அட்டை கைப்பையில் இருந்தது.

அவள் வாயெடுத்தாள். உண்மையாகவே சொல்லத்தான் போனாள்.

அதற்குள் அவன் தாளை இழுத்துப் பார்த்தான். நிறத்தைப் பார்த்தான். முத்திரையைப் பார்த்தான். முகம் தெளிந்துவிட்டது.

“அட, அன்னைக்கு உனக்குக் குடுத்தாங்களே, அதே தாள்தான். இத வச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வரலாம். எனக்குத் தெரியாதா?”

தெரியும்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன், அவளுக்கு ஜெர்மன் வராத காலத்தில், அவளுடைய விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. கையில் இதே தாள், குறி மூன்றாவது கட்டத்தில். முசிறியில் அம்மா ஆஸ்பத்திரியில். ஒன்பது நாள். தினமும் தம்பி போனைக் காதில் வைக்க, பிளேன் ஏறிட்டியா என்று அம்மா கேட்டாள். இந்தத் தாளோடு போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அப்புறம் உன் இஷ்டம் என்றான் அவன்.

அப்போது அவனுடைய அப்பாவும் அம்மாவும் மூன்று மாதத்துக்கு இங்கே வந்திருந்தார்கள். மூன்று வேளையும் அடுப்படியில் ஆள் வேண்டியிருந்தது.

இரண்டையும் அவள் அன்றைக்குச் சேர்த்துப் பார்க்கவில்லை. சட்டம் என்று நினைத்தாள். எவனோ எழுதி வைத்த சட்டம், அதன்மேல் என்ன கோபப்படுவது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு மாமியாருக்குத் தோசை வார்த்தாள்.

பத்தாம் நாள் போன் வரவில்லை. தம்பி எழுதித்தான் அனுப்பியிருந்தான்.

சொன்ன பொய்யை அவன் எப்போதோ மறந்துவிட்டான். அவ்வளவு சின்னப் பொய்.

அவருக்குப் புரிந்ததா என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

நன்றாகப் புரிந்தது என்றாள் அவள், ஜெர்மனில். குரல் பிசகவில்லை.

இன்னொரு காகிதம் வந்தது. எடுத்துச் சொன்னார்கள், விளங்கிக்கொண்டேன் என்று நான்கு வரி. கீழே அவன் கையெழுத்துப் போட வேண்டும். அவன் பேனாவைத் திறந்துகொண்டு எங்கே என்று கேட்டான்.

அவள் இடத்தைக் காட்டினாள்.

போட்ட பிறகு, பேச்சுக்கு ஒரு தரம் கேட்டு வைத்தான். போகலாம்தானே?

“உங்களுக்குத் தெரியாததா?” என்றாள்.

வாசலுக்கு வந்ததுமே தங்கை சுகந்தியைக் கூப்பிட்டான். தேதியைக் குறிக்கச் சொன்னான். மண்டபம் பார்க்கச் சொன்னான். இப்போதிருக்கும் வேலையில் ஒரு மாத விடுப்புக்கு மேல் தரமாட்டார்கள் என்று அலுத்துக்கொண்டான். பிறகு, அண்ணியிடம் பேசு என்று போனை நீட்டினான்.

சுகந்தி எப்போதும்போல வம்புக்கு இழுத்தாள். எங்கண்ணனை எத்தனை நாளைக்கு எங்களுக்கு விட்டுத் தருவீர்கள் அண்ணி, மூன்றாம் நாளே அனுப்பு என்று போன் பண்ணக் கூடாது.

“உங்கண்ணன நீயே வச்சுக்கம்மா.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவனும் சிரித்தான்.

“நெசமாத்தான் சொல்றேன்” என்றாள் அவள்.

இருவரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.